கலகலப்பும் கவர் பிளாக்கும்: பொறியாளர்கள் நிறைந்த அரங்கில் பேசுவது எப்படி

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கட்டுமானப் பொருள் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கான்கிரீட் க்யூப்களை மெஷினில் வைத்து உடைப்பது, பழைய கட்டடங்களில் கோர் (துளையிட்டு எடுக்கிற உருளைத் துண்டு) எடுத்துப் பார்ப்பது, உள்ளே கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது, இதெல்லாம் என் தொழில். அதோடு மாதத்தில் ஒன்றிரண்டு மாலைகள் பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், சைட் சூப்பர்வைசர்கள் கூடுகிற இடங்களில் பேசப் போகிறேன்.

பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கூட்டம். கடலோரக் கட்டடங்களில் கம்பி துருப்பிடிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வருகிறவர்கள் அசந்துவிடக் கூடாது என்று நிறையக் கதைகள் எடுத்துப் போயிருந்தேன். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. பொன்னாடை போர்த்தினார்கள். "மேடம், ஒரு நிமிஷம்கூட போரடிக்கல" என்று பலர் வந்து சொன்னார்கள். சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

ஐந்து வாரம் கழித்து, அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு இளம் பொறியாளர் எங்கள் கூடத்துக்கு வந்தார். ஈஞ்சம்பாக்கத்தில் அவர் பார்க்கிற வீட்டில், தளத்தின் அடியில் கம்பிக்குப் போதிய கவர் (கம்பியை மூடி நிற்கிற கான்கிரீட்டின் கனம்) இல்லையோ என்று உரிமையாளருக்குச் சந்தேகம். அதை அளக்கிற கவர் மீட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். பல இடங்களில் 18 மி.மீ., சில இடங்களில் 15. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கத்தில் இருக்கிற வீடு. அந்தத் தளத்தைப் போட்டது என் பேச்சுக்கு இரண்டு வாரம் கழித்து. "அன்னைக்கு நீங்க ஒரு நம்பர் சொன்னீங்களே மேடம், எவ்வளவு அது?" என்று கேட்டார். நான் சொன்ன லாரிக் கதை அவருக்கு வரிக்கு வரி நினைவிருந்தது. டிரைவர் பேசியதை என்னைவிட நன்றாகப் பேசிக் காட்டினார். 45 என்கிற எண் மட்டும் அவரிடம் இல்லை.

அந்தத் தளத்தின் கீழே ஒரு குடும்பம் நாற்பது வருடம் குடியிருக்கப் போகிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு எழுபது ஸ்லைடுகளோடு போனேன். எல்லாம் அட்டவணை, விதி எண், வரைபடம். கதை என்று ஒன்றுகூட இல்லை. ஏழு மணிக்குப் பின்வரிசை காலியானது. மீதி இருந்தவர்கள் கதவுக்கு வெளியே வந்து இறங்கிய போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்டவணையைப் படிக்க அவர்களுக்கு நான் எதற்கு?

அப்புறம் பாதிக் கதை, பாதி விஷயம் என்று பிரித்துப் பார்த்தேன். கதை வந்தால் நிமிர்ந்தார்கள், அட்டவணை வந்தால் போனை எடுத்தார்கள். கொஞ்ச காலம் கழித்துத்தான் ஒன்று பிடிபட்டது. தொழில் தெரிந்தவர்களுக்கு அவர்கள் தொழிலுக்குள் இருக்கிற புதிரைப் போல ருசியான வேடிக்கை வேறு கிடையாது. அதை எப்படி வெளியே எடுத்து வைப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த கான்கிரீட்டை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் ஆடிட்டராகவோ மருத்துவராகவோ இருந்தால் அந்த இடத்தில் உங்கள் பொருளை வைத்துப் பாருங்கள்.

போவதற்கு முன் ஒரு போன்

அழைத்தவரிடம் பலரும் தேதியையும் இடத்தையும் கேட்டுக்கொண்டு வைத்துவிடுகிறார்கள். நான் இன்னும் மூன்று கேட்பேன். வருகிறவர்களில் சைட்டில் நிற்கிறவர்கள் எத்தனை பேர், மேஜையில் வரைகிறவர்கள் எத்தனை பேர்? சமீபத்தில் உங்கள் ஆட்கள் எந்தப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டார்கள்? டிபன் எத்தனை மணிக்கு?

இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலில்தான் பேச்சின் பாதி இருக்கிறது. ஒருமுறை ஒருவர், "எம்-சாண்டுக்கு மாறினதிலிருந்து கலவை இறுகுதுன்னு தண்ணி ஊத்திடறாங்க மேடம்" என்றார். தயாரித்திருந்ததை எடுத்து வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசினேன். அன்று யாரையும் சிரிக்க வைக்க வேண்டிய தேவையே வரவில்லை. அவர்கள் தலைவலியைப் பற்றி ஒருவர் ஒழுங்காகப் பேசினால் அதுவே அவர்களை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

டிபன் நேரத்தைச் சில்லறை விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஆறு மணிக் கூட்டம் ஆறரைக்குத் தொடங்கும். ஒரகடத்திலிருந்தும் மாதவரத்திலிருந்தும் வருகிறவர்கள் ஆறே முக்காலுக்குத்தான் உள்ளே நுழைவார்கள். ஏழரைக்குப் போண்டா வாசனை வந்துவிடும். கனமான விஷயத்தை அதற்கு நடுவே எங்கே வைப்பது என்பதை அன்று காலையே முடிவு செய்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை என்ன மாறும்?

ஸ்லைடு போட உட்காருவதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்கிறேன்: இந்தப் பேச்சைக் கேட்டவர் திங்கட்கிழமை சைட்டில் எதை வேறு மாதிரி செய்வார்? "துரு பற்றிய விழிப்புணர்வு" என்றெல்லாம் எழுதினால் அது வரியாகாது. "கடல் காற்று படுகிற இடத்தில் 45 மி.மீ. கவர் பிளாக் வைப்பார்." இது வரி. (கம்பிக்கு அடியில் வைத்து அந்த இடைவெளியைக் காக்கிற சின்னக் கட்டைதான் கவர் பிளாக்.)

அந்த எண்ணைப் பேச்சில் ஐந்து முறையாவது சொல்வேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். ஸ்லைடில் ஆங்கிலத்தில் இருந்தாலும் வாயால் "நாற்பத்தைந்து" என்று தமிழில் நிறுத்திச் சொல்வேன். மேஸ்திரியிடம் அவர் தமிழில்தானே சொல்லப் போகிறார்? அந்த வார்த்தை இங்கேயே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

கதை சுமை தாங்குகிறதா?

ஒரு வீட்டை இடித்து மாற்றும்போது முதலில் பார்ப்பது, எது சுமை தாங்கும் சுவர், எது வெறும் தடுப்புச் சுவர் என்பதைத்தான். தடுப்புச் சுவரை எடுத்தால் மேலே ஒன்றும் ஆகாது. கதைகளுக்கும் நான் இதே சோதனையை வைக்கிறேன். இந்தக் கதையை எடுத்துவிட்டால் நான் சொல்ல வந்த விஷயம் விழுமா? விழாது என்றால் அது தடுப்புச் சுவர். எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடலாம்.

அந்த லாரிக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நான் அதைச் சொன்ன விதம் இது. ஆடி மாதம், இரவு பத்து மணி, சைதாப்பேட்டை. அம்மன் ஊர்வலத்துக்குப் பின்னால், கலந்த கான்கிரீட்டைச் சைட்டுக்குக் கொண்டுபோகிற ஒரு ரெடிமிக்ஸ் லாரி மாட்டிக்கொள்கிறது. முன்னால் பம்பை, உடுக்கை, சீரியல் லைட். பின்னால் லாரியின் டிரம் கடகடவென்று சுற்றுகிறது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் ஆடத் தொடங்குகிறார்கள். டிரைவர் இறங்கி ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்துவிட்டு, சைட்டிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிடுகிற சூப்பர்வைசரிடம், "அம்மன் முன்னாடி போறா சார், நான் எப்படி ஓவர்டேக் பண்றது?" என்கிறார். அரங்கம் அதிரும்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, நடந்ததுதான். ஆனால் உள்ளே இருந்த கான்கிரீட் என்ன ஆயிற்று என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. துருவைப் பற்றிய பேச்சில் அந்தக் கதைக்கு வேலையே இல்லை.

இப்போது அதைத் தண்ணீர் பற்றிய பேச்சில் மட்டும் சொல்கிறேன், இப்படி. லாரி பிளான்ட்டிலிருந்து கிளம்பியது எட்டரை மணிக்கு. ரெடிமிக்ஸுக்கான ஐ.எஸ். 4926 விதிப்படி, ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும். இறுகுவதைத் தாமதப்படுத்துகிற ரிடார்டர் போட்டிருந்தால் கூடுதல் அவகாசம் உண்டு. ஊர்வலம் நகர்கிறது. டிரைவர் கூழ் குடிக்கிறார். மணி பத்தேகால். இந்த இடத்தில் நிறுத்தி, "நீங்கள் சைட்டில் நிற்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் மாறுவதை அப்போது பார்க்கலாம், ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். லாரி பதினொன்றுக்கு வந்து சேர்ந்தது. கலவை இறுகியிருந்தது. யாரோ ஹோஸை எடுத்து டிரம்முக்குள் தண்ணீர் விட்டார்கள். எவ்வளவு நேரம் ஓடியது என்று யாரும் பார்க்கவில்லை. நல்ல வேளையாக அங்கிருந்த பையன் தண்ணீர் விடுவதற்கு முன்னால் மூன்று க்யூப், விட்ட பின்னால் மூன்று க்யூப் எடுத்து வைத்திருந்தான். எம்25 கான்கிரீட், அதாவது 28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டியது. 28 நாள் கழித்து எங்கள் மெஷினில் முதல் மூன்றின் சராசரி 32, அடுத்த மூன்றின் சராசரி 21.

டிரைவர் சொன்ன வாக்கியம் அப்படியே இருக்கிறது, அதற்கு இன்றும் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு இப்போது கடிகாரத்தை நகர்த்துகிறது. கதையை நினைவு வைத்திருக்கிறவர் 32ஐயும் 21ஐயும் சேர்த்தே நினைவு வைத்திருக்கிறார், அந்த எண்கள்தான் கதையின் முடிவு. உங்களிடம் கைதட்டு வாங்குகிற கதை ஒன்று இருந்தால் உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதற்குள் நடந்த தொழில் சமாச்சாரத்தில் எதை விட்டுவிட்டீர்கள் என்று தேடுங்கள். விட்டது கிடைக்கவே இல்லை என்றால், வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதுவும் கலவைக்குத் தண்ணீர் விடுவது போலத்தான். சிமெண்டின் வேதிவினைக்கு அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் போதும். மீதியெல்லாம் கலவை ஓடுவதற்காக நாம் ஊற்றுவது. அது பின்னால் வற்றிப்போய் உள்ளே நுண்துளைகளாக நிற்கிறது. ஊற்றும்போது எல்லோருக்கும் வேலை சுலபமாகத்தான் இருக்கும்.

கண்ணெதிரே நடக்கட்டும்

சனிக்கிழமை முழுநாள் கருத்தரங்குகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற இரண்டு மணிப் பேச்சை யாரும் வாங்க மாட்டார்கள். பாயசம் சாப்பிட்டவர்கள், ஏ.சி. அறை, விளக்கு மங்கல். அந்த நேரத்தை நானே கேட்டு வாங்குகிறேன், ஏனென்றால் என்னிடம் ஒரு பாட்டில் இருக்கிறது.

பழைய கட்டடத்திலிருந்து எடுத்த கான்கிரீட் துண்டு ஒன்றைக் கொண்டுபோவேன். எங்கள் கூடத்திலேயே முக்கால்வாசி கீறி வைத்துவிடுவேன், அரங்கத்தில் உளியால் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாகப் பிளந்துவிடும். உடைந்த புது முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பேன். சில நொடிகளில் உள்பகுதி ரோஜா நிறத்தில் பளிச்சென்று மாறும். வெளிப்பக்க ஓரம் மட்டும் சாம்பலாகவே நின்றுவிடும். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து மேடைக்கு வந்துவிடுவார்கள்.

இதில் வேடிக்கை எது, விஷயம் எது என்று பிரிக்கவே முடியாது. நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம், அதுதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைக் குறைக்கிறது. காரத்தைக் காட்டுகிற பி.எச். அளவு சுமார் 9க்கு மேல் இருக்கிற இடம் மட்டும் நிறம் மாறும். நிறம் மாறாத ஓரத்தில் பாதுகாப்பு போய்விட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு ஸ்கேலைக் கையில் கொடுத்து அந்த ஓரத்தை அளக்கச் சொல்வேன். "22 மேடம்." கம்பி எங்கே இருக்கிறது? "15ல." அவ்வளவுதான், நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. அறை முழுக்க ஒரு அமைதி வரும். இத்தனை வருடத்தில் கைதட்டலைவிட அந்த அமைதியைத்தான் நான் அதிகம் விரும்பியிருக்கிறேன்.

இப்படி ஏதாவது செய்து காட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேடிக்கை எதைக் காட்டாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். ரோஜா நிறம் உப்பைக் காட்டாது. கடலோரத்தில் கம்பியைத் தின்பது பெரும்பாலும் குளோரைடு. உள்பகுதி முழுக்க ரோஜாவாக இருக்கும்போதே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கலாம். இதைச் சொல்லாமல் இறங்கினால், மறுநாள் ஒருவர் பாட்டிலோடு பெசன்ட் நகர் போய்த் தெளித்துப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். நிறம் அவ்வளவு அழகாக இருக்கும், நம்பத் தோன்றும்.

கவனமும் தேவை. கரைசலில் ஆல்கஹால் இருப்பதால் தீப்பற்றும். கையுறை போட்டுக்கொண்டு, தட்டில் வைத்து, ஆட்கள் இல்லாத பக்கமாகத் தெளிக்க வேண்டும். அப்போதுதான் உடைத்த முகத்தில் மட்டும் செய்ய வேண்டும், பழைய முகத்திலும் தூசி படிந்த இடத்திலும் நிறம் ஏமாற்றும். அரங்கத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள், தரையில் கறை விழுந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

அவர்களையே வாதாட விடுங்கள்

தமிழ்நாட்டு அரங்கத்துக்குப் பட்டிமன்றம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஒரு கேள்வியில் அறையை இரண்டாகப் பிரித்துவிட்டால் போதும், சூடு தானாக வரும். ஆனால் கேள்வி உண்மையானதாக இருக்க வேண்டும். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டால் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும்.

என்னிடம் இருக்கிற நல்ல கேள்வி இது. திருவான்மியூரில், கடலிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு வீடு. முன்னால் உயரமான அடுக்குமாடி மறைக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456இல் இது எந்த வகைச் சூழல்? கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்ட கான்கிரீட் என்றால் 'கடுமை' வகை: 45 மி.மீ. கவர், குறைந்தது எம்30, தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.45க்கு மிகாமல். உப்புக் காற்றிலிருந்து மறைவாக இருக்கிறது என்றால் 'மிதம்': 30 மி.மீ., எம்25, 0.50. மறைவு என்பதை யார் தீர்மானிப்பது? அந்த அடுக்குமாடி நாளை இடிக்கப்பட்டால்?

கையைத் தூக்கச் சொன்னால் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிவார்கள். ஒரு பக்கம் செலவைச் சொல்லும், ஒரு பக்கம் மாடியில் காயப்போட்ட துணி பிசுபிசுப்பதைச் சொல்லும். பத்து நிமிடம் விட்டுவிடுவேன். அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் அட்டவணையை மூன்று முறை தாங்களாகவே படித்துவிடுகிறார்கள், எழுபது ஸ்லைடில் நான் படிக்க வைக்க முடியாத அதே அட்டவணையை. கடைசியில் என் தீர்ப்பைக் காரணத்தோடு சொல்வேன்: சந்தேகம் வந்தால் 45. துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும், உள்ளிருந்து கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும், பிறகு பூச்சு பூசி மூடினாலும் உள்ளே உப்பு இருக்கும். பட்டிமன்ற நடுவர் மாதிரி இரண்டு பக்கமும் சரிதான் என்று முடிக்கிற உரிமை எனக்குக் கிடையாது. கட்டடத்துக்கு ஒரு எண் வேண்டும்.

கேள்வி கேட்கும்போது ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும். கிருபானந்த வாரியார் (1906–1993) கதை சொல்லும்போது முன்னால் உட்கார்ந்திருக்கிற குழந்தைகளிடம் கேள்வி கேட்பார் என்று என் அப்பா சொல்வார். குழந்தை பதில் சொல்லும்போது பின்னாலிருக்கிற பெரியவர்கள் எல்லோரும் மனதுக்குள் பதில் சொல்லிப் பார்ப்பார்களாம். நானும் அரங்கத்தில் இளையவரிடம்தான் தொடங்குகிறேன். ஆனால் புத்தகக் கேள்வி கேட்க மாட்டேன். "நேற்று உங்கள் சைட்டில் கவர் பிளாக் எதில் செய்தது?" என்பது போல, அவர் கண்ணால் பார்த்ததைக் கேட்பேன். தன் மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவரைத் தெரியாமல் முழிக்க வைப்பது பெரிய அநியாயம். அப்படிச் செய்தால் அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் வரிசையில் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவர் எப்போதும் இருப்பார். தொடங்குவதற்கு முன்பே அவர் நாற்காலிக்குப் போய் வணக்கம் சொல்லிவிட்டு, "சார், உங்க காலத்துல கவர் எப்படி வச்சீங்கன்னு இரண்டு நிமிஷம் சொல்லணும்" என்று கேட்டுவைப்பேன். சைட்டிலேயே சிமெண்ட் கலவையில் கட்டை வார்த்து, கட்டுக்கம்பி சொருகி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்ட கதையை அவர் சொல்லும்போது இளைஞர்கள் குறிப்பெடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கச்சேரி வரிசை

எதை எங்கே வைப்பது என்பதை நான் மார்கழியில்தான் கற்றுக்கொண்டேன். இன்று நாம் கேட்கிற கச்சேரி முறையை அமைத்துக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) என்பார்கள். விறுவிறுப்பான வர்ணத்தில் தொடக்கம், சின்ன உருப்படிகள், பிறகு விரிவான பிரதான உருப்படி, தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள்.

என் நாற்பத்தைந்து நிமிடமும் ஏறக்குறைய அப்படித்தான். முன்னுரை, நன்றிப் பட்டியல் எதுவும் இல்லாமல் துருப்பிடித்த கம்பி தெரிகிற துண்டு ஒன்றை முதல் நிமிடத்திலேயே கையில் கொடுத்து வரிசை வரிசையாக அனுப்பிவிடுவேன். தாமதமாக வருகிறவர்கள் உட்காருகிற பத்து நிமிடமும் அது கைமாறிக்கொண்டிருக்கும். பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து முப்பது வரை கனமான பகுதி. அது முடிந்த கையோடு திருவான்மியூர் வாதம், மூளைக்கு ஓய்வும் ஆகும், வேலையும் ஆகும். லேசான அனுபவங்கள் கடைசி ஐந்து நிமிடத்துக்கு. கலகலப்பையெல்லாம் முன்னால் செலவழித்துவிட்டு எண்ணையும் விதியையும் கடைசிக்குத் தள்ளினால் அவை டிபன் வாசனையோடு போட்டி போட வேண்டியிருக்கும். தனி ஆவர்த்தனத்தின்போது சபா கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் இருக்கிற ஊர் இது.

ஸ்லைடு பன்னிரண்டு போதும். மைக்கை ஐந்து மணிக்கே போய்ச் சோதித்துவிடுங்கள். கேள்வி நேரத்தில் யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால், "சார், உங்க சைட் எங்கே?" என்று இடையில் கேட்டால் பொதுவான பேச்சு குறிப்பான விஷயத்துக்கு இறங்கிவிடும்.

எதற்குச் சிரிக்கக் கூடாது

மேஸ்திரியையும் சித்தாளையும் வைத்து ஜோக் சொல்கிற பழக்கம் நம் கூட்டங்களில் நிறைய இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அவர்கள் அந்த அறையில் இல்லை, பதில் சொல்ல முடியாது. அவர்கள் கையில்தான் நாம் பேசுகிற 45 மி.மீ. இருக்கிறது. அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போகிற பொறியாளர் மறுநாள் அவர்களிடம் எப்படிப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார்?

ஸ்லைடில் வடிவேலு படம் போடுவதையும் விட்டுவிட்டேன். சிரிப்பு நிச்சயம் வரும். ஆனால் அது அடங்க அரை நிமிடம் ஆகும், அந்த அரை நிமிடத்தில் அடுத்து நான் சொல்வது யார் காதிலும் விழாது. சைட்டிலேயே நடந்த, அவர்களுக்கு அடையாளம் தெரிகிற ஒரு காட்சிக்கு வருகிற சிரிப்பு அப்படி இல்லை. "ஆமாம், எங்க சைட்லயும்" என்று பக்கத்திலிருப்பவரிடம் திரும்புவார்கள், விஷயம் கூடவே போகும்.

இன்னொன்று. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தத் தகர்ப்புக் காட்சியைப் பின்னணி இசையோடு ஓட்டி அரங்கத்தை எழுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணைப் பறிக்கிற காட்சிதான். நான் அதைப் போடுவதில்லை. இறந்தவர்களில் பலர் வேலை தேடி வந்த தொழிலாளர்கள். அதைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் தேதியையும் எண்ணிக்கையையும் மட்டும் சொல்லிக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு அன்றைய விஷயத்துக்குப் போகிறேன்.

பத்து நாள் கழித்து

பேச்சு எப்படி இருந்தது என்பதை அன்று மாலை தெரிந்துகொள்ள முடியாது. பொன்னாடையும் கைகுலுக்கலும் எல்லாப் பேச்சுக்கும் கிடைக்கும். அதனால் கிளம்பும்போது மூன்று பேரின் எண்ணை வாங்கிக்கொள்கிறேன், முன்வரிசையில் ஒருவர், நடுவில் ஒருவர், கதவோரம் ஒருவர். பத்து நாள் கழித்து அழைத்து, "என்ன ஞாபகம் இருக்கு?" என்று மட்டும் கேட்பேன். எண்ணைக் கேட்க மாட்டேன், அதை அவர்களாகச் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னதை அப்படியே டைரியில் எழுதிக்கொள்வேன். கதை மட்டும் வந்தால் அடுத்த முறை அந்தக் கதையைப் பிரித்துக் கட்டுவேன். இரண்டும் வராவிட்டால் அந்தப் பகுதியையே எடுத்துவிடுவேன்.

போன மாதம் கதவோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சூப்பர்வைசர் நான் அழைப்பதற்கு முன்பே வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். பாலவாக்கத்தில் ஒரு தளம், கம்பி கட்டி முடித்து, கீழே கவர் பிளாக்குகள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்திருந்தார். "45 கிடைக்கல மேடம், 50 வச்சிட்டேன். பரவாயில்லையா?" நான் எழுதினேன்: "தளத்தோட கனம் மாறுதான்னு டிசைனர்கிட்ட இன்னைக்கே கேட்டுடுங்க. கட்டைக்குக் கட்டை எவ்வளவு தூரம் வச்சிருக்கீங்க?" பத்து நிமிடத்தில் இன்னொரு படம் வந்தது, டேப்பைப் பிடித்தபடி மேஸ்திரி குனிந்து அளந்துகொண்டிருந்தார்.